கறுப்புக் கம்பளியில் வெள்ளை முடி

ஏங்க,

இன்று காலையில் நம் மருமகள் போர்வையைக் கூடத்தில் விரித்துப் போட்டு, பசைத்தாள் சுற்றிய உருளை ஒன்றை அதன்மேல் உருட்டிக்கொண்டிருந்தாள். பேத்தி வளர்க்கும் பூனை அந்தப் போர்வையில்தான் படுக்கிறது. ஓர் உருட்டு உருட்டினால் தாள் முழுக்க முடி. சரக்கென்று கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த உருட்டு. "அத்தை, கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன், முடி பறக்குது, அப்புறம் இருமுவீங்க" என்றாள். நல்ல பெண்தான். நான்தான் திடீரென்று, "அதை ஏன்டி குப்பையில போடுற?" என்று கத்திவிட்டேன். கிழவிக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் அவள் முழித்தாள். நான் எழுந்து பின்பக்கம் போய், துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். இந்த வயதில் அழுதால் கண்ணைவிட மூக்குதான் அதிகம் ஒழுகுகிறது.

நீங்கள் பார்க்காத மருமகள். நீங்கள் பார்க்காத மகனுக்கு வாய்த்தவள். சுங்கைப் பட்டாணி டவுனில் நீங்கள் பார்க்காத வீடு. இதையெல்லாம் சொல்ல நான் எழுதவில்லை. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொல்ல வழியில்லாமல் போனது. பேத்தியின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் நம் ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரில் ஏறி ஓடினானே, அன்றைக்கு லயத்து வீடுகளில் இருந்த கூலி ஆட்கள் பங்களாவுக்குள் புகுந்து நாற்காலி, பீங்கான், திரைச்சீலை என்று கைக்கு அகப்பட்டதைத் தூக்கி வந்தார்கள். நீங்கள் அவன் விட்டுப்போன நாயைத் தூக்கி வந்தீர்கள். வெள்ளை வெளேரென்று, தரையைக் கூட்டும் அளவுக்கு முடி வளர்ந்த நாய். "ஊரே சாமான் தூக்கிட்டு வருது, நீங்க சோறு திங்கிற ஒரு வாயத் தூக்கிட்டு வந்திருக்கீங்களே" என்று தலையில் அடித்துக்கொண்டேன். நீங்கள் அதற்குத் துரை என்றே பேர் வைத்தீர்கள். "துரை, வாங்க, கஞ்சி குடிங்க" என்று வாசலில் நின்று மரியாதையாகக் கூப்பிடுவீர்கள். நேற்றுவரை அந்த வெள்ளைக்காரன் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்ற ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், உங்களுக்குத் தெரியாமல்.

ஆனால் அந்த முடி! நம்மிடம் இருந்தது ஒரே ஒரு கம்பளி. நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது உங்கள் அம்மா வாங்கித் தந்த கறுப்புக் கம்பளி. நீங்களும் துரையும் அதில் ஒன்றாகச் சுருண்டு எழுந்தால், கறுப்பு முழுக்க வெள்ளையாக இருக்கும். உதறினால் போகாது, அடித்தால் போகாது, ஈரத் துணியால் துடைத்தால் இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். "படுக்கிற இடமெல்லாம் நாய் மசுரு! கஞ்சியில கெடக்குது, என் சீலையில கெடக்குது! ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று தினமும் ஆடுவேன். "ரெண்டு பேரும் இருங்களேன், எனக்கென்ன கஷ்டம்" என்பீர்கள்.

என் வாய்க்குப் பயந்துதான் அந்த வழியைக் கண்டுபிடித்தீர்கள். பால்மரத்தில் வெட்டின காயத்தில் காய்ந்து நிற்குமே ஒட்டுப்பால், அதை நூல் நூலாக உரித்து வந்து உள்ளங்கையில் வைத்து எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டினீர்கள். கம்பளியில் அதை உருட்டியதும் முடி எல்லாம் அதில் ஏறிக்கொண்டது. முதல்முறை நானும் செய்கிறேன் என்று அவசரப்பட்டு, சரியாகக் காயாத பாலை அப்படியே உருட்டிக் கம்பளியின் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு அப்பிவிட்டேன். அது கடைசிவரை போகவில்லை. "ஒட்டுப்பால் கையில ஒட்டக் கூடாது, முடியில மட்டும் ஒட்டணும். அந்தப் பதம் வரவரைக்கும் பொறுக்கணும். உனக்கு ஏது பொறுமை?" என்றீர்கள். அதற்கும் சண்டை போட்டேன்.

அரிசி போய் மரவள்ளி வந்தது. கடையில் துணி என்ற பேச்சே இல்லாமல் போய், ஆம்பிளைகள் கோணிச் சாக்கைக் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கம்பளி அப்போது பொன்னுக்குச் சமம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வந்து லயத்து வாசலில் நின்று பேர் படித்தது அந்தச் சமயத்தில்தான். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். "மூணு மாசந்தான். சாப்பாடு, சம்பளம், துணி எல்லாம் குடுக்கிறான். போயிட்டு வந்துரலாம்" என்றான். உங்கள் பேரும் எதிர்வீட்டு முனியாண்டி அண்ணன் பேரும் அதில் இருந்தன.

லாரி வந்த காலையில் கம்பளியை மடித்து உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் அதைப் பிரித்து என் தோளில் போர்த்திவிட்டீர்கள். "வயித்துப் புள்ளக்காரி, நீ வச்சுக்க. எனக்குத்தான் அங்க துணி தர்றானாமே." அவ்வளவுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு. என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தேன். துரை மெர்போக் சாலைவரை லாரிக்குப் பின்னால் ஓடிவிட்டு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது.

வெளியூர் போனவர்கள் போய்ச் சேரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது என்பது நம் வழக்கம். கூட்டினால் போனவர் திரும்பும் வழியையே கூட்டித் தள்ளினதுபோல் ஆகிவிடும். நானும் முனியாண்டி அண்ணனின் பெண்சாதி மாரியாயி அக்காவும் விளக்குமாற்றைத் தொடவில்லை. சில நாளில் அக்கா, "இந்நேரம் சேர்ந்திருப்பாங்கடி" என்று சொல்லி அவர்கள் வீட்டைக் கூட்டிவிட்டது. எனக்கு மனம் வரவில்லை. சேர்ந்துவிட்டார் என்று யார் வந்து சொன்னது? சயாம் எங்கே இருக்கிறது என்றுகூட நமக்குத் தெரியாதே. பிள்ளை பிறக்கப்போகிற வீடு என்று அக்கா சண்டை பிடித்துத் தரையைக் கூட்டவைத்தது. கம்பளியை மட்டும் நான் விடவில்லை. முடியோடு மடித்துப் பெட்டியில் வைத்தேன். அதைச் சுத்தம் செய்தால் நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குள் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. பைத்தியக்காரத்தனம் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள்.

மகன் பிறந்தான். மழைக்காலம். கோணிச் சாக்கின்மேல் என் கிழிந்த சீலையைப் போட்டு அவனைக் கிடத்தினேன். குளிரில் பிள்ளைக்கு உதடு நீலம் பூத்துவிடும். நெஞ்சோடு அணைத்தே கிடப்பேன். "பொட்டியில கம்பளிய வச்சுக்கிட்டு புள்ளைய நடுங்க வைக்கிறியேடி பாவி! நாய் முடியோட போட்டா இழுப்பு வரும். நாலு உருட்டு உருட்டு, எல்லாம் வந்துரும்" என்று மாரியாயி அக்கா கத்தும். "அவுங்க வரட்டும்க்கா, வந்து அவுங்களே எடுப்பாங்க" என்பேன். மூன்று மாதம் எப்போதோ போய்விட்டது. துரை சாலை முனையில் போய்ப் போய் உட்கார்ந்தது. எலும்பும் தோலுமாகிவிட்டது. ஒருநாள் திரும்பி வரவில்லை. பசிக்காலம். அதை யார் என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் லயத்தில் ஒருத்தரோடும் முகம் கொடுத்துப் பேசியிருக்க முடியாது.

ஜப்பான்காரன் தோற்றுப் போனபிறகு முனியாண்டி அண்ணன் மட்டும் வந்தார். யாரோ பிச்சைக்காரக் கிழவன் என்று நினைத்து மாரியாயி அக்காவே முதலில் கிழங்கு எடுக்க உள்ளே போனது. அவர் எங்கள் வாசலுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் மகனைப் பார்த்துக்கொண்டே நின்றார். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. "பேதிம்மா. மழை விடவே இல்ல. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றார்.

கருமாதிக்கு முதல்நாள் மாரியாயி அக்கா ஒட்டுப்பால் உரித்து வந்து என் முன்னால் வைத்தது. "வீட்டுல உள்ளத எல்லாம் அலசணும். இனிமே யாருக்குடி வச்சிருக்க?" நான் கம்பளியை வாசலில் விரித்தேன். பதம் வரும்வரை பொறுத்து, ஓரத்திலிருந்து உருட்டினேன். துரையின் முடி கொத்துக் கொத்தாக வந்தது. நடுவே, உங்கள் தலைமாட்டுப் பக்கத்தில், கறுப்பாகச் சுருண்ட முடியும் இரண்டு மூன்று வந்தது. உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஐயோ, உங்கள் உடம்பென்று எனக்குக் கிடைத்தது அவ்வளவுதானே.

அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தினி நாளா இது இப்படியேவா கெடந்துச்சு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அந்த மனுசன் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார். அக்காவுக்கும் எனக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு அவரே சொன்னார். "கடைசியில குளுருல ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. நான் சாக்கப் போத்திவிட்டேன். சிரிக்கிறான்மா. 'நான் லாரியில ஏறின நிமிசமே அவ கம்பளிய உருட்ட ஆரம்பிச்சிருப்பா. இப்ப ஒரு முடி இருக்காது. நான் இருந்த தடமே இருக்காது பாரு'ன்னான்."

மறுநாள் கரைப்பதற்குச் சாம்பல் இல்லை. அந்த உருண்டையைத்தான் ஆற்றில் விட்டேன். அது முங்கவில்லை. மிதந்துகொண்டே போனது. அன்றுதான் மகன் முதன்முதலாகக் கம்பளியில் படுத்தான். நடுங்காமல் தூங்கினான்.

நான் வாயாடி, பொறுமை இல்லாதவள், சுத்தம் சுத்தம் என்று பைத்தியம் பிடித்தவள் என்று நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஒன்றுக்கும் நான் இப்போது சண்டைக்கு வரவில்லை. நீங்கள் லாரி ஏறியதும் கம்பளியை உருட்டியிருப்பேன் என்ற அந்த ஒன்றை மட்டும் தப்பாக நினைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். முனியாண்டி அண்ணன் சொன்ன நாளிலிருந்து இத்தனை வருசமாக அதுதான் என் நெஞ்சில் கிடக்கிறது.

நான் எடுக்கலைங்க. ஒரு முடிகூட எடுக்கலை.