முதலில் பாக்கெட், பிறகு பக்கத் தையல்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலியும் அம்மாவின் இருமலும் குறைந்தனவா?

இங்கே நான் ஜெயித்துவிட்டேன்! சொற்களை உருவாக்கும் எங்கள் கம்ப்யூட்டர், மூன்று மாதமாக "வீடுகளை" என்பதற்கு "வீட்டைகள்" என்று உளறிக்கொண்டிருந்தது. அதற்கு நான் எழுதிக் கொடுத்த இலக்கண விதிகளையே தூக்கி எறியச் சொன்னார் மேலாளர்.

"விதி சரிதான் சார், வரிசைதான் தப்பு. பக்கத்தை மூட்டிட்டுப் பாக்கெட் வச்சா, எங்கப்பா மொத்தத்தையும் பிரிச்சிடுவார்" என்றேன்.

"கள்" முதலில், "ஐ" பிறகு என்று இரண்டே வரிகளை இடம் மாற்றினேன். பட்டியலில் இருந்த சொற்கள் அத்தனையும் சரியாக வந்து விழுந்தன! மேலாளர் எழுந்து நின்று கைதட்டினார்.

அடுத்த மாதம் அலுவலகத்தில் எல்லோர் முன்பும் இதைப் பற்றிப் பேசப்போகிறேன். ஒரு வெள்ளைச் சட்டை தைத்து அனுப்புங்கள். பழைய அளவில் இரண்டு அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் அளவைச் சொல்லாதீர்கள்.

அவசரத்தில்,
உங்கள் மூத்தவன்