ஓஸில் நீ கட்டிய வேட்டித் துணி

என் இடுப்பில் வளர்ந்த தம்பி சங்கரா,

சிவன் காலடியில் வேலை ஒன்றும் இல்லாமல் எப்படித்தான் இருக்கிறாயோ? இங்கே உன் மண் அள்ளும் லோடர் வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உன்னிடம் வேலை பழகிய இசக்கி ஓட்டுகிறான், உன் பெண்டாட்டி செண்பகம் வேலை பேசுகிறாள், கணக்கு நான் எழுதுகிறேன். ஆழ்வார்திருநகரிப் பக்கம் வாழைத்தோப்புக்கு வேலிக்கால் குழி போடக் கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள்.

இன்று எழுத வந்தது அந்த வேட்டித் துணியைப் பற்றி. வண்டியின் தூக்குக் கையை ஒட்டி ஒரு ரப்பர் ஓஸ் குழாய் ஓடுகிறதே, குழி தோண்டும் துளைப்பானுக்கு எண்ணெய் கொண்டுபோவது, அதைப் பிடித்திருந்த கிளாம்ப் வேலைக்கு நடுவில் உடைந்துபோனது. வண்டி துடைக்க வைத்திருந்த உன் பழைய வேட்டியைக் கிழித்து, ஓஸைத் தூக்குக் கையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாய். புதுக் கிளாம்ப் வாங்குவதற்குள் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

அதன்பின் அந்த முடிச்சை யாரும் தொடவில்லை. நீ கடைசியாகக் கட்டியது அல்லவா? வெள்ளிக்கிழமை தோறும் செண்பகம் அதற்குச் சந்தனம் வைத்தாள். நான் பூ வைத்தேன். இசக்கி வண்டி கழுவும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் கழுவினான்.

போன வாரம் காலையில் வண்டியைக் கிளப்பியதும் துணிக்குள்ளிருந்து எண்ணெய் புகை போலப் பீச்சியது. எங்கே கசிகிறது என்று தடவிப் பார்க்க இசக்கி கையை நீட்டினான். டயர் பார்க்க வந்திருந்த மெக்கானிக் முருகையா அண்ணாச்சி போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியது.

"ஏலே, கையை எடு! வண்டிய அமத்துலே!"

"பையத் தொட்டுப் பாக்கேன் அண்ணாச்சி..."

"தொட்டுப் பாப்பியோ? அந்த வேகத்துல வார எண்ணெய் ஊசி மாதிரி தோலுக்குள்ள ஏறிரும். பொறவு ஆஸ்பத்திரியில கையையே எடுக்கணும்பாவ. கசிவு பாக்கணும்னா அட்டையக் காட்டிப் பாருலே."

தூக்குக் கையை இறக்கி, வண்டியை நிறுத்தி, ஓஸில் அழுத்தம் போனபிறகு அண்ணாச்சி கத்தியை எடுத்தார். செண்பகம் குறுக்கே வந்து நின்றாள்.

"அது அவுக கட்டுனது. அறுக்க விடமாட்டேன்."

"நான் இனி அதுகிட்டப் போவாமலே ஓட்டிக்கிடுதேன்க்கா" என்றான் இசக்கி.

அவனுக்கு ஆவணியில்தான் கல்யாணம் ஆனது, சங்கரா. அவன் கையைப் பார்த்தேன். அவள் முகத்தையும் பார்த்தேன். நீ இருந்தால் யார் பக்கம் பேசியிருப்பாய்?

"செண்பகம், சாமிக்குப் போட்ட மாலையவே மறுநா காலையில களைஞ்சிருதாவல்லா? அன்பு இல்லாமலா களையுதாவ?" என்றேன்.

அண்ணாச்சியிடமிருந்து கத்தியை வாங்கி அவளே அறுத்தாள். துணிக்குள் சேர்ந்திருந்த மணல் உப்புத்தாள் மாதிரித் தேய்த்துத் தேய்த்து ரப்பரைத் தின்றிருந்தது. உள்ளே கம்பிப் பின்னலே தெரிந்தது.

அண்ணாச்சி புது ஓஸுக்குத் தடித்த உறை மாட்டி, ரப்பர் வைத்த கிளாம்பால் பிடித்தார். தூக்குக் கையை ஏற்றிப் பார்த்தபோது ஓஸ் விறைத்ததை முதலில் கண்டவள் செண்பகம்தான்.

"மூட்டுக்கிட்ட இழுக்கு பாருங்க அண்ணாச்சி, கொஞ்சம் தொய்வு விடுங்க. அவுகளுக்குத்தான் எதையும் இறுக்கிக் கட்டணும். செருப்பு வாரைக்கூட இறுக்கிப் போட்டுட்டு நொண்டிக்கிட்டே வருவாவ!"

"ரொம்பத் தொங்கவும் கூடாதும்மா, கல்லுல மாட்டிக்கிடும்" என்று அளவு பார்த்துத் தொய்வு விட்டு, கல்லும் கட்டையும் படாமல் மேலே தகடு வைத்து மூடினார்.

நீ போனபிறகு அவள் உன்னைத் திட்டியது அன்றுதான். இசக்கி சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள், பிறகு அழுதாள்.

துணியை ஆற்றில் விடலாமா என்று கேட்டேன். "எண்ணெய்த் துணியப் போயி ஆத்துல போடுவாவளா மதினி?" என்றாள். அது குப்பை வண்டியில்தான் போனது. இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றினேன். மனசு சங்கடப்படுகிறதா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வண்டி கிளம்புமுன் ஓஸைப் பார்த்தாயா என்று இசக்கியிடம் தினமும் கேட்பேன். வெறுங்கையால் கசிவு தேட அவனை விடமாட்டேன். செண்பகம் உன்னைத் திட்டும்போதெல்லாம் நானும் சேர்ந்து திட்டுவேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் மூத்த அக்கா,
கோமதி