கதவை உடைக்காத வைரஸ்

மார்கழி 14, செவ்வாய்

அப்பாவுக்கு இன்ஃப்ளுயன்சா என்று ஆஸ்பத்திரியில் சொல்லி மூன்று நாளாகிறது. அவரைப் பார்க்க வந்த பக்கத்துத் தோட்டத்து அண்ணனை இன்று வீட்டு கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். கட்டிலில் கிடந்தபடி அப்பா, "வந்தவரை வாங்கன்னு சொல்லாம அனுப்பிப்போட்டயே அம்மிணி," என்றார். அதிலிருந்து மனசு சரியில்லை.

அவரைச் சமாதானப்படுத்த நான் வேலை பார்க்கும் வைரஸ் லேப் கதையைச் சொன்னேன். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லின் மேலும் சர்க்கரை இழைகள் தண்ணீருக்குள் பாசி மாதிரி அசைந்துகொண்டிருக்கும். வைரஸின் புரதம் ஒன்று அதில் ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கும். செல்லே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

அப்பா கண்ணை மூடியபடி சிரித்தார். "அந்தச் செல்லுக்கும் நம்மூட்டுப் பழக்கந்தான்."

என் விரலைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். செல்லை விட்டு வெளியேறும் வைரஸிடம் அந்த இழையை வெட்டி விடுபட இன்னொரு புரதம் இருக்கிறது. எனக்கு விரலை உருவிக்கொள்ள மனசு வரவில்லை. அண்ணனைத் தடுத்த நான்தான், முந்தாநாளிலிருந்து மாஸ்க் கூட இல்லாமல் இப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது தொண்டை லேசாகக் கரகரக்கிறது. வெளியே மலைக் கணவாய்க் காற்று பனை ஓலைகளை உலுக்குகிறது. கண்ணை மூடினால் இழைகள் அசைகின்றன. எல்லாம் அப்பா குரலில், வாங்க வாங்க என்கின்றன.