ஆறாவது சைக்கிள்

புதுக்கோட்டை
21-11-1961

அன்பு மகள் செங்கமலத்துக்கு ஆத்தா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. பிரகதாம்பாள் புண்ணியத்தில் நான் சுகம், வலது முழங்காலில் ஒரு சிராய்ப்பைத் தவிர. அது வந்த கதையைப் பிறகு சொல்கிறேன், பதறாதே. டெல்லியில் குளிர் தொடங்கியிருக்குமே, கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்து அழகு பார்க்காமல் போட்டுக்கொள்.

நம் பாத்திரக் கடைக்கு ஒரு சோதனை வந்தது. வேலையாட்கள் சைக்கிள் நிறுத்த இடம் கொடுப்பதும் ஒரு சலுகையாம், அதற்கும் இனி கடைக்காரர் வரி கட்ட வேண்டுமாம். ஐந்து சைக்கிள் வரை இல்லை, ஆறாவது நின்றால் ஆறுக்கும் உண்டு. பெரிய ஜவுளிக் கடைக்காரர் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டார். எதிர்க்கடை கண்ணுசாமி ஆட்களின் சம்பளத்தில் பிடித்தார், இரண்டு பேர் வேலையை விட்டே நின்றுவிட்டார்கள். நம்மிடம் ஐந்து பேர்தானே, நமக்கென்ன என்று நான் மிதப்பாக இருந்துவிட்டேன். ஆயுத பூசையன்று என் புத்தி போனதைப் பார். வருசா வருசம் ஆட்களின் சைக்கிள்களைக் கழுவிக் கொல்லையில் வரிசையாக நிறுத்திப் பொட்டு வைப்போமே, அந்த வரிசையில் நீ விட்டுப்போன உன் சைக்கிளையும் நிறுத்திச் சந்தனம் பூசினேன். நீ பக்கத்தில் நிற்கிற மாதிரி ஆசையாக இருந்தது. பூசைப் பொரி வாங்க வந்த வரி இன்ஸ்பெக்டர் சவரியப்பன் எண்ணிப் பார்த்து, ஆறு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். மறுவாரமே நோட்டீசு.

தீபாவளி முடிந்ததும் மலையாண்டி வந்து, என் வண்டி கொறஞ்சா அஞ்சுதானே, என்னால ஒங்களுக்குத் தொல்லை வேணாம்மா, நான் நின்னுக்கிறேன் என்கிறான். வல்லத்திராக்கோட்டையிலிருந்து தினம் மிதித்து வருகிறவன், உன் அப்பா போன பிறகு கடையைத் தாங்குகிறவனே அவன்தான். அவன் போனால் நான் கதவைச் சாத்த வேண்டியதுதான். நேரே வரி ஆபீசுக்குப் போய், அது என் மகள் வண்டி, கடையும் வீடும் ஒரே கட்டடம், வேறெங்கே நிறுத்துவேன் என்று கேட்டேன். சவரியப்பன் நல்ல மனுசன்தான். ஓட்ட ஆளில்லாத வண்டிய வேலையாள் வண்டின்னுதாம்மா எழுதுவாங்க, பேசாம வித்துருங்க, மொதலாளி ஓட்டுற வண்டிக்கு வரி இல்ல, ஆனா நீங்க எங்கிட்டு ஓட்டப் போறீங்க என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்கு வந்ததே கோபம்!

உன் சைக்கிளையாவது, விற்கவாவது. மறுநாள் காலையே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்தைத் திடலுக்குப் போய்விட்டேன். கடை பெருக்கும் காத்தாயி பின்சீட்டைப் பிடித்துக்கொள்ள, எட்டு நாளில் நாலு தடவை விழுந்தேன். ஊரே நின்று பார்த்தது, பார்க்கட்டும். நேற்று மலையாண்டி கூடவே ஓடிவர ஆபீசு வாசல் வரை ஓட்டிப் போய் மணியடித்தேன். இறங்கத்தான் இன்னும் வரவில்லை, தூணில் மோதித்தான் இறங்கினேன். சவரியப்பன் முதலில் தண்ணீர் கொடுத்தார், பிறகு ஆறை அடித்து ஐந்து என்று எழுதினார். மலையாண்டி இன்று வழக்கம்போல் கடை திறந்தான்.

இந்தச் சைக்கிளுக்காகத்தானே உன்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். பெண்பிள்ளை வீதியில் மிதித்துக்கொண்டு போனால் எவன் கட்டுவான் என்று ஏசினேன். தப்பு என்னுடையதுதான் தாயி. திடலில் முதல் தடவை காத்தாயி கையை விட்டபோது, நான் ஏசிய அன்று நீ ஏன் அப்படி அழுதாய் என்று புரிந்தது.

வேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வயது நன்றாக இரு. பொங்கலுக்குக் கட்டாயம் வா. ஸ்டேஷனுக்கு மலையாண்டியை அனுப்பமாட்டேன், நானே வருகிறேன். பெட்டியைச் சின்னதாகக் கொண்டுவா, பின்சீட்டில் நீ உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
உன் ஆத்தா
சொர்ணவல்லி