மூன்றரை மடங்கு

மார்ச் 4
ஆய்வு முடிந்தது. எங்கள் மருத்துவமனையில் இதய பலவீனத்துக்கு அந்தப் புது மாத்திரையைச் சாப்பிட்ட முதியவர்களில் இறப்பு, சாப்பிடாதவர்களில் பாதிதான். வயது, சர்க்கரை, சிறுநீரகம், புகை என்று எல்லாவற்றின் வித்தியாசத்தையும் ஈடுகட்டிய பிறகும் பாதி!

புள்ளிவிவரக்காரி சந்தோஷப்படும் முன் சந்தேகப்பட வேண்டுமே, அதையும் செய்தேன். நாங்கள் அளக்காமல் விட்ட ஏதோ ஒன்று இந்த முடிவைப் பொய்யாக்க வேண்டுமானால், மாத்திரை கிடைப்பதோடும் சரி, இறப்போடும் சரி, அதற்கு ஏறக்குறைய மூன்றரை மடங்கு தொடர்பு இருக்க வேண்டும். அதாவது அது இருப்பவர்கள் மூன்றரை மடங்கு அதிகம் இறக்க வேண்டும், மாத்திரையும் அதே அளவுக்குக் கிடைக்காமல் போக வேண்டும். இந்த முதியவர்களிடம் வயதுக்கே அவ்வளவு தொடர்பு இல்லை. அத்தனை பெரிய ஆள் எங்கள் கண்ணில் படாமல் எங்கே ஒளிந்திருப்பான்? கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 5
அண்ணன் அதே மருத்துவமனையில் இதய மருத்துவன். இதயம் பலவீனமான அம்மாவுக்கும் அந்த மாத்திரையை எழுதச் சொன்னேன். "இந்த வயசுல இன்னொண்ணு எதுக்கு?" என்று இழுத்தான். விட்டேனா? மல்லுக்கட்டி வாங்கிவிட்டேன்.

மார்ச் 9
அம்மா மாத்திரையை வாயில் அடக்கிக்கொண்டு அடம் பிடிக்கிறாள். சின்னப்பிள்ளை தோற்றது போங்கள்.

மார்ச் 12
காலையில் மாத்திரை அம்மாவின் தொண்டையில் அடைத்துக்கொண்டது. முகமே நீலம். அண்ணன் ஓடிவந்து பின்னாலிருந்து கட்டிப்பிடித்து அமுக்கி... வெளியே வந்தது. ஐயோ, நான்தானே அதட்டினேன் — முழுங்கும்மா, நடிக்காதேன்னு.

அம்மா கண் அயர்ந்ததும் அண்ணனிடம், "இனிமே பொடிச்சுக் கொடுத்திடறேன்" என்றேன்.

"இதைப் பொடிக்கக் கூடாது. மருந்து மொத்தமா ஒரேயடியா இறங்கிடும்."

"அப்போ முழுங்க முடியாதவங்களுக்கு?"

"அவங்களுக்கு எழுதவே மாட்டோம்."

"யாருமேவா?"

"யாரு எழுதுவா? இதுகூடவா தெரியாது உனக்கு?"

தெரியாதுடா! இரண்டு வருடமாக ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு இந்த ஆய்வைப் பேசியிருக்கிறோம். அவனுக்குச் சொல்லத் தோன்றவில்லை, எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் சேர்த்த விவரங்களில் விழுங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

மார்ச் 13
விழுங்க முடியாதவர் யார்? பக்கவாதம் வந்தவர், ஒடுங்கிப்போனவர். மாத்திரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலில் போகிறவர். அவர்களையெல்லாம் 'சாப்பிடாதவர்கள்' பக்கம் தள்ளிவிட்டு, மாத்திரை காப்பாற்றுகிறது என்று குதித்தேனா? இருக்காது. இருக்கக் கூடாது.

மார்ச் 20
இருக்கிறது. பழைய கேஸ் தாள்களைப் புரட்டி யார் யாருக்கு விழுங்கச் சிரமம் என்று சேர்த்தோம். தொடர்பு இரண்டு பக்கமும் மூன்றரையைத் தாண்டி நிற்கிறது. நன்றாக விழுங்குகிறவர்களை மட்டும் ஒப்பிட்டால் மாத்திரையால் ஒரு வித்தியாசமும் இல்லை. துறைத்தலைவியிடம், "கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கணும் மேடம்" என்றேன். இதழுக்கு அப்போதே கடிதம் எழுதச் சொன்னார்.

மார்ச் 21
நேற்று ஒன்றை எழுதவில்லை. எழுத வரவில்லை.

அதே அட்டவணையில் இன்னொரு வரி: விழுங்கச் சிரமப்பட்டவர்களில் பாதிப் பேர் ஒரு வருடத்துக்குள் இறந்திருக்கிறார்கள். அந்த எண்ணைத் தட்டியது என் விரல்தான். தட்டும்வரை அம்மா ஞாபகம் வரவில்லை! ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளி ஒதுக்க ஆரம்பித்தது எப்போது? தண்ணீர் குடித்ததும் இருமுவது? நான் அடம்னு நெனச்சேன். அடம்னு!

அண்ணனிடம் வரியைக் காட்டினேன். தினம் நோயாளிகளைப் பார்க்கிறவன் அவன். "வீட்லன்னா கண்ணு தெரியலையே" என்றான்.

ஏப்ரல் 2
அம்மாவின் விழுங்கும் பரிசோதனை முடிவு வந்தது. நல்லதாக இல்லை. துறையில் நீண்ட விடுப்பு சொல்லிவிட்டேன்.

மாத்திரையை நிறுத்தியாச்சு என்று அம்மாவிடம் சொன்னேன்.

"அதைச் சாப்பிட்டா ரொம்ப நாள் இருப்பேன்னியே?"

"தப்புக் கணக்கும்மா."

"அப்பாடா! அந்தக் கூழாங்கல்லு இனிமே வேண்டாம்ல?" என்று சிரித்தாள்.

பழத்தை மசித்து ஸ்பூனில் கொடுத்தேன். கொஞ்சம் சாப்பிட்டாள். அப்புறம் வாயைத் திறக்கவில்லை. "போதும்டி" என்று ஸ்பூனை என் பக்கம் திருப்பினாள். "நீ சாப்பிட்டியா?"