ஏறவும் இறங்கவும் ஒரே பூட்ஸ்

ஜனவரி 7

கிறிஸ்துமஸ் வரை அடிவாரச் சரிவில் புல் தெரிந்த வருஷம் இது. பால் சங்கத்தை மூடியதும், தேவாலய மணியில் விரிசல் கண்டதும் இதே வருஷம்தான். ரியெத் செத்ததும். அவனைப் புதைத்த மறுநாள் பனி கொட்டத் தொடங்கியது. முன்னமே கொட்டியிருந்தால் குழி வெட்டுகிறவர்களுக்குச் சிரமமாக இருந்திருக்கும்.

எனக்கு எழுத வராது. சின்ன வயசில் ரியெத்தின் அப்பா வீட்டில் மாடு பார்க்க விட்டார்கள். மாடு பார்க்கிறவனைப் பள்ளிக்கூடத்துக்கு யார் அனுப்பினார்கள்? இந்த ஃபோனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. பூட்ஸ் கடை லடீனா சொல்லிக்கொடுத்தாள். "வீட்டுல செவுத்தோட பேசுறதுக்கு இதோட பேசுங்க மாமா" என்றாள்.

பேசுகிறேன். சொல்ல ஒன்றும் இல்லை.

ஜனவரி 8

வால்சூட்டிலிருந்து துவோஷ் கூப்பிட்டான். கணவாய்க்கு அந்தப் பக்கம், ரியெத்தின் தங்கை மெஞ்சாவுக்குப் பக்கத்து வீடு அவனுடையது. டிசம்பர் கடைசியில் முதல் பனிச்சரிவு விழுந்து பாதையை மூடிவிட்டது. இனி மே மாதம்தான் திறப்பார்கள்.

மெஞ்சாவுக்கு இன்னும் தெரியாது.

அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. சாவுச் செய்தியை ஃபோனில் சொல்ல மாட்டார்கள், எழுதி அனுப்ப மாட்டார்கள். குழியில் மண் போட்டவன், அதுவும் அந்த வீட்டு மேசையில் சாப்பிட்டு வளர்ந்தவன், சமையலறையில் நின்று வாயால் சொல்ல வேண்டும். ரியெத்துக்கு மண் போட்டவர்களில் அப்படிப்பட்டவன் நான் மட்டும்தான்.

"தெனமும் ஜன்னல்ல நிக்கிறா. அண்ணன் ஏன் கூப்பிடலன்னு கேக்குறா. லைன் கெட்டுப்போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றான் துவோஷ். பிப்ரவரி நடுவில் இடுப்பு அறுவை சிகிச்சைக்கு அவளை ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்களாம். ரியெத் செத்த அதே ஆஸ்பத்திரி. குடும்பப் பெயரைப் பார்த்ததும் வாசலிலேயே எந்த நர்சாவது கையைப் பிடித்து வருத்தம் சொல்லிவிடுவாள்.

அதற்குள் நான் போக வேண்டும்.

ஜனவரி 10

போகவில்லை.

ரோப் காரில் உச்சிக்குப் போய், பின்பக்கச் சரிவில் இறங்கி, அது முடிகிற இடத்தில் ஸ்கீயின் அடியில் பின்னுக்கு வழுக்காமலிருக்க ரோமப் பட்டையை ஒட்டிக்கொண்டு கணவாய்க்கு ஏற வேண்டும். ரியெத்தும் நானும் எத்தனையோ முறை போன வழி. இறங்கும்போதே இடது பூட்ஸ் கணுக்காலில் முட்டை ஓடு மாதிரி உடைந்தது. பழைய பிளாஸ்டிக் இப்படித்தான். வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே உளுத்துப்போயிருக்கும்.

சரிவில் அடிபட்டவர்களை மீட்கிற காவல் பையன்கள் என்னைச் சறுக்கு ஸ்ட்ரெச்சரில் கட்டி இறக்கினார்கள். வேலையில் இருந்த காலமெல்லாம் அந்த ஸ்ட்ரெச்சரை இழுத்தவர்கள் ரியெத்தும் நானும். அதில் படுத்தது இதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜனவரி 12

லடீனா மூன்று ஜோடி எடுத்து வைத்தாள். முதலாவது சரிவில் இறங்க மட்டும். கல் மாதிரி இருந்தது. இரண்டாவது ஏற மட்டும். கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. மூன்றாவது இரண்டுக்கும். அதற்குக் குதிகாலில் ஒரு நெம்புகோல். தூக்கினால் கணுக்கால் மடங்கும், நடக்கலாம். அமுக்கினால் பூட்டிக்கொள்ளும், இறங்கலாம்.

"ரெண்டு வேலையும் செய்யும் மாமா. ரெண்டையும் முக்கால்வாசிதான் செய்யும்" என்றாள். ஏற்றம் அதிகமா இறக்கம் அதிகமா என்று கேட்டாள். ஏற்றம்தான் என்றேன். அப்படியானால் விறைப்புக் குறைந்ததாக, ஓர் அளவு பெரியதாக எடுக்கச் சொன்னாள். ஏறும்போது கால் வீங்குமாம்.

விறைப்பானதைக் கேட்டேன். சின்ன அளவைக் கேட்டேன். காவலில் இருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் வாங்குவோம். விரல் மடங்கி நிற்க வேண்டும், கடையிலேயே கண்ணில் தண்ணீர் வர வேண்டும். அப்போதுதான் கால் நினைத்த இடத்துக்கு ஸ்கீ போகும்.

"வலிக்காம இருக்க இது என்ன கல்யாணச் செருப்பா?"

"காவல்காரங்களுக்கு மூளை பாதத்துல இருக்குன்னு எங்கப்பா சொல்வாரு. அதையும் நெரிச்சு வச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே கட்டிக்கொடுத்தாள்.

ஜனவரி 15

பனி. பனிச்சரிவு அபாயம் ஐந்தில் நாலு என்று போட்டிருக்கிறார்கள். யாரும் மேலே போகக் கூடாது.

ஜனவரி 18

பனி.

ஜனவரி 21

காலையில் இரண்டு கோப்பையில் காப்பி ஊற்றிவிட்டேன். இரண்டையும் குடித்தேன்.

ஜனவரி 24

சரிவில் இறங்கும்போது புது பூட்ஸ் ராஜாவாக இருந்தது. இறுகிய பனியைக் கத்தி மாதிரி கடித்துக்கொண்டு போனது. லடீனாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏறத் தொடங்கிச் சற்று நேரத்தில் விரல் வலித்தது. பிறகு வலி நின்றுவிட்டது. நல்லதாகப் போயிற்று என்று நடந்தேன் – இத்தனை வருஷம் பனியில் கிடந்தவன்! வலி நின்றால் என்ன அர்த்தம் என்று அடுத்தவனுக்குப் பாடம் எடுத்தவன். கணவாய்க்குக் கீழே பாறையடியில் உட்கார்ந்து கழற்றிப் பார்த்தேன். விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. கிள்ளினேன். யாருடைய காலையோ கிள்ளுகிற மாதிரி இருந்தது.

கணவாய் தலைக்கு மேலே தெரிந்தது. ஏறியிருக்கலாம். செத்த காலோடு அந்தப் பக்கம் எப்படி இறங்குவது? நான் கிடந்தால் மெஞ்சாவிடம் யார் சொல்வது?

திரும்பினேன்.

ஜனவரி 25

இரண்டு நகம் கறுத்துவிட்டது. லடீனா மண்டியிட்டு என் காலைப் பார்த்தாள்.

"ரியெத் மாமா போனதுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடல நீங்க. நகத்தக் கறுப்பாக்கித் துக்கம் கொண்டாடுறீங்களா?"

நான் என்ன செய்யட்டும்? வந்தால்தானே அழுவது.

ஓர் அளவு பெரியதை, இளகினதைக் கொண்டுவந்தாள். உள்ளுறையை அடுப்பில் சூடாக்கி என் காலில் மாட்டி, ஆறும்வரை அசையாமல் நிற்கச் சொன்னாள். நின்றேன். விரலுக்கு இடம் இருந்தது. அடுத்தவன் பூட்ஸைப் போட்ட மாதிரி இருந்தது. இதைப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினால் பையன்கள் சிரிப்பார்கள் என்றேன்.

"சிரிக்கட்டும். அவனுங்களா போயி மெஞ்சா அத்தைகிட்ட சொல்லப் போறானுங்க?"

ஜனவரி 31

நகம் ஆறுகிறது. இளகின பூட்ஸில் சரிவில் பழகினேன். முன்னால் சாய்ந்தால் அது மடங்கிக்கொடுத்துவிடுகிறது. நிமிர்ந்து நின்று, மெதுவாக, அகல அகலமாகத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒருமுறை விழுந்தேன், காவல் குடிசைக்கு நேர் எதிரே. கிழவன் மாதிரி இறங்கினேன். கிழவன்தான்.

பிப்ரவரி 4

மறுபடி பனி. அபாயம் நாலு.

பிப்ரவரி 6

துவோஷ். ஹெலிகாப்டரை முன்னுக்குத் தள்ளிவிட்டார்களாம். ஒன்பதாம் தேதி காலை. "நீ வரலன்னா நானே வாயத் தொறந்துடுவேன் லினார்ட். வழக்கமாவது ஒண்ணாவது." அவன் குரல் உடைந்திருந்தது. நான் சரி என்றேன். எதற்குச் சரி என்றேன்?

பிப்ரவரி 7

பனி நின்றது. காற்றும் இல்லை. அபாயம் மூன்று. காத்திருந்தேன்.

பிப்ரவரி 8

அபாயம் இரண்டு. முதல் ரோப் காரில் ஏறினேன். இதை மெஞ்சா வீட்டில் அடுப்பருகே உட்கார்ந்து சொல்கிறேன்.

சரிவில் எல்லோரும் என்னை முந்திப் போனார்கள். போகட்டும். பட்டையை ஒட்டினேன், நெம்புகோலைத் தூக்கினேன், ஏறினேன். விரல்கள் வலித்துக்கொண்டே இருந்தன. வலிக்கிறதா என்று நின்று நின்று பார்த்துக்கொண்டேன். கணவாயில் நெம்புகோலை அமுக்கிவிட்டு இறங்கினேன். புதுப் பனி முழங்கால் வரை. என் ஒரு தடம்தான் விழுந்தது.

மெஞ்சா ஜன்னலில் நின்றிருந்தாள். உள்ளே போய்த் தொப்பியைக் கழற்றினேன். அடுப்பில் வாற்கோதுமை சூப்.

"பூட்ஸக் கழட்டுடா, தரையெல்லாம் தண்ணி."

கழற்றவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், கையில் இருந்த தொப்பியைப் பார்த்தாள். சூப்பை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"பெரியவன்லேர்ந்து சொல்லு. ஒருத்தன் பேர மட்டும் தனியாச் சொல்லாத."

சொன்னேன். அந்த வீட்டுப் பிள்ளைகளை மூத்தவனிலிருந்து ரொட்டிக்குக் கூப்பிடுகிற வரிசை; முதல் நாலு பேரும் எப்போதோ போய்விட்டவர்கள். யாஹென் இல்லை. ஆயிதா இல்லை. க்ளோ இல்லை. பார்ப்லா இல்லை. ஒவ்வொன்றுக்கும் தலையை அசைத்தாள். அடுத்த பெயருக்கு வாய் வரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"சொல்லு."

"ரியெத் இல்ல" என்றேன். என் முகமெல்லாம் நனைந்திருந்தது. எப்போது நனைந்தது என்று தெரியவில்லை.

அவள் தலையை அசைக்கவில்லை. வரிசை முடியக் காத்திருந்தாள்.

"அப்புறம்?"

"மெஞ்சா இருக்கா" என்றேன்.