நல்லா ஓடுகிறவளுக்குத்தான் வசவு

என் பிரியமான நூரு,

நலமா என்று உன்னைக் கேட்பதில் இனி அர்த்தமில்லை. கேட்காமல் ஆரம்பித்தாலோ, "என்னடி, அதுக்குள்ள மறந்துட்டியா?" என்று சண்டைக்கு வருவாய். அதனால் கேட்டுவிடுகிறேன். நலமா? நான் நலம். உன் மகள் நசீமாதான் என்மேல் கோபமாக இருக்கிறாள்.

நான் டிரில் டீச்சர் ஆனதற்கு விழுந்து விழுந்து சிரித்தவள் நீ. நீ போன இந்த இரண்டு வருஷத்தில் விசில் ஊதி ஊதி எனக்குக் கன்னம்தான் பெருத்திருக்கிறது. நசீமா இப்போது என் ரிலே அணியில் கடைசி ஓட்டக்காரி. உன்னைப் போலவே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ஓடுகிறாள். எதிரே வருகிறவர்கள் தானாக ஒதுங்குகிறார்கள்.

அவளைப் போன வாரம் முழுக்க வைதேன். "காலைத் தூக்குடி, தூங்கிக்கிட்டா ஓடுறே?" என்றேன். நேற்று ரிலே குச்சியை என் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கு ஓட வரல பெரியம்மா. வேற ஆளப் பாத்துக்கங்க" என்று போய்விட்டாள். சனிக்கிழமை திருப்பத்தூரில் பந்தயம். இதை எங்கேயோ கேட்டிருக்கிறோம் இல்லையா?

அறுபதுகளின் தொடக்கத்தில் பள்ளத்தூரில் நாம் படித்தபோது நமக்கு டிரில் டீச்சர் ஞானம்மா. தாவணியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு நாம் ஓடுவோம். என்னைப் பார்த்தால், "ராசாத்தி, அப்படித்தான்!" என்பார். உன்னைப் பார்த்தால், "ஆமை! ஆமை!" என்று கத்துவார். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். நீ சோறு இறங்காமல் கிடந்தாய். பந்தயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, "நான் நின்னுக்கிறேன்டி. டீச்சர்கிட்ட நீயே சொல்லிரு" என்றாய்.

நானும் போய்ச் சொன்னேன். "நூரு வரமாட்டாளாம் டீச்சர். நீங்க ரொம்ப வையிறீகளாம்."

டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அடிப்பாவி, அவள நம்பித்தானடி டீமே இருக்கு! நல்லா ஓடுற புள்ளைய நாலு பேருக்கு முன்னால மெச்சுனா கண்ணு பட்டுறாதா? அதுக்குத்தான் வையிறேன்."

"அப்ப என்னைய மட்டும் மெச்சுறீகளே?"

டீச்சர் விசிலைத் துடைக்க ஆரம்பித்தார்.

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! என்மேல் கண் படும் என்று ஒருத்தருக்கும் பயமில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு, "இதை அவகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. நாளையில இருந்து என்னைய வையுங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே டீச்சர் என்னோடு பஸ் ஏறிப் புதுவயலில் உங்கள் வீட்டுக்கு வந்தார். உன் அம்மாவிடம் மை டப்பாவை வாங்கினார். "இங்குட்டு வாடி" என்று உன்னை உட்காரவைத்து உள்ளங்காலில் பெரிய பொட்டாக வைத்தார். "டீச்சர் போயிப் புள்ள காலத் தொடலாமா?" என்று உன் அம்மா பதறினார். டீச்சர் நிமிர்ந்து, "இனிப் பயமில்லாமச் சொல்றேன். ஒன்னைய மாதிரி ஓடுற புள்ளைய நான் பாத்ததே இல்ல" என்றார். நீ அழுதாய். கண்ணைத் துடைத்த கையோடு, அந்தத் தெருவிலேயே ஒரு ஓட்டம் ஓடிக் காட்டினாய்.

மறுநாள் எனக்குக் கிடைத்தது. "மாட்டு வண்டி ஒன்னைய முந்திரும்டி!" டீச்சர் அதை மனதாரச் சொன்னார் என்பதுதான் கொடுமை. ஆனால் அந்தக் கோபத்தில் நான் ஓடியதுபோல் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. பந்தயத்தில் மூன்றாவதாக வந்து உன் கையில் குச்சியைக் கொடுத்தேன். நீ அதை முதலாவதாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாய்.

எல்லாரும் உன்னைத் தூக்கிச் சுற்றினார்கள். நான் மட்டும், "பரவாயில்ல, ஓடிட்டே" என்றேன். பொறாமை கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் பயம்தான் பெரிது. என் கண்ணே பட்டுவிடுமோ என்று. உன் கல்யாணத்திலாவது உன்னை மெச்சி ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. மஞ்சள் காமாலையில் நீ படுத்திருந்தபோதும், "சீக்கிரம் எந்திரிடி, சோம்பேறி" என்றுதான் வைதேன். உன்னை மெச்சாமல் பொத்திப் பொத்தி வைத்து என்ன கண்டேன் நூரு? நீ போகத்தானே செய்தாய்?

ஒரு நல்ல வார்த்தையால் நீ தெருவில் இறங்கி ஓடியதைக் கண்ணால் பார்த்தவள் நான். பார்த்தும் உன் மகளை வைதுகொண்டிருக்கிறேன். என்னைப் போல் ஒரு மடச்சி உண்டா?

நாளைக் காலை முதல் பஸ்ஸில் புதுவயல் போகிறேன். நசீமாவை எதிரே நிறுத்தி, யார் கேட்டாலும் சரி என்று, உரக்கச் சொல்லப்போகிறேன். அவளுக்கு உரியதை அவளுக்கு. உனக்குச் சொல்லாமல் விட்டதை உனக்கு. அவள் ஓட வந்தாலும் வராவிட்டாலும் சொல்வேன். இது சத்தியம்.

உன் மகளுக்குப் பெரியம்மாவாக இருக்கும்,
செல்லம்